கீ...ங்ங்! இதுவும் சாஃப்ட்வேர்தான் பாஸ்!



போன வாரம் இந்த ‘தூசி தட்டு’ பகுதியில் சைக்கிள் டைனமோ பற்றி எழுதினதுக்கு, ‘அடுத்தது என்ன, ஆட்டுக்கல்லா?’ என்று கிளாஸ் குரூப்பில் கலாய்த்துத் தள்ளிவிட்டார்கள். கலாய்த்த நல்ல உள்ளங்களுக்கு நன்றி! இந்த வாரம் நிஜமாவே கம்ப்யூட்டர். என்ன, நம்ம அப்பாக்கள் அரை டிராயர் போட்டுக்கிட்டு சுத்தின காலத்துக் கம்ப்யூட்டர். அவ்வளவுதான் வித்தியாசம்.

ராத்திரி 11 மணி. ஹாஸ்டல் ரூம். என் லேப்டாப்பில் இருந்து ‘கீஈஈஈ’ என்று அஞ்சு செகண்ட் ஒரே சீராக ஒரு விசில். அப்புறம் ‘டுர்’ என்று ஒரு சின்ன இருமல். மறுபடி விசில். அதுக்கப்புறம்தான் மெயின் கச்சேரி! தகர டப்பாவுக்குள்ள நூறு சில்வண்டைப் போட்டு, தார் ரோட்டில் இழுத்துக்கிட்டுப் போனா எப்படி இருக்கும்? அப்படி ஒரு ‘க்ரீச்ச்ச்கர்ர்ர்’ அஞ்சு நிமிஷம் விடாம. ரூம்மேட் எழுந்து உட்கார்ந்து, ‘‘என்னடி, லேப்டாப் செத்துப்போச்சா?’’ என்றாள். ‘‘இல்லடி... ஒரு கேம் லோட் ஆகுது’’ என்றேன். தலையணை பறந்து வந்தது.

விஷயம் இதுதான். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் ‘இஸட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’ என்று ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்தவர் கிளைவ் சின்க்ளேர். கையடக்கமாக ஒரு கறுப்பு டப்பா. அழிரப்பர் மாதிரி மெத்து மெத்து என்று பட்டன்கள். ஓரத்தில் வானவில்லை வெட்டி ஒட்டின மாதிரி நாலு கலர் கோடு. மானிட்டர் கிடையாது, வீட்டு டி.வி-யில் ஆன்டெனா செருகுற ஓட்டையில் செருகணும். ஹார்ட் டிஸ்க் கிடையாது, பாட்டு கேட்கிற டேப் ரெக்கார்டர்தான் டிஸ்க். 16 கே.பி. மெமரி மாடல் 125 பவுண்டு. 48 கே.பி. மாடல் 175 பவுண்டு.

நோட் பண்ணுங்க, ஜி.பி. இல்லை, எம்.பி-கூட இல்லை, கே.பி! தினம் காலையில் நம்ம பெரியப்பா ஃபேமிலி குரூப்பில் போடுற ரோஜாப்பூ குட்மார்னிங் படம் இருக்கே... அது ஒண்ணுகூட இந்த மெஷினுக்குள்ள நுழையாது. ஆனா இந்த 48 கே.பி-க்குள்ளதான் ‘மேனிக் மைனர்’ மாதிரி கேமை எல்லாம் அடக்கினாங்க. அதை 1983-ல் எழுதின மேத்யூ ஸ்மித்துக்கு அப்போ டீன் ஏஜ்! (நமக்கு அந்த வயசில் ‘ஹலோ வேர்ல்டு’-க்கே மூணு எரர் வந்தது. சரி, விடுங்க.)

அந்த நாட்டில் அப்போ இது சும்மா பிச்சுக்கிட்டுப் போச்சு. 1986-ல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் பிசினஸை ஆம்ஸ்ட்ராட் கம்பெனி 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கினது. 1992-ல் தயாரிப்பை நிறுத்தினது. அதோட கதை முடிஞ்சிருக்கணும். ஆனா முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் இதைப் பிரிச்சு, துடைச்சு, பத்தவச்சு, புதுசு புதுசா கேம் எழுதி உயிரோட வச்சிருக்கு ஒரு கும்பல். சம்பளம் கிடையாது, சர்ட்டிஃபிகேட் கிடையாது. அவங்க என்னதான் பண்றாங்கன்னு பார்க்கப் போய்தான் நான் தலையணை அடி வாங்கினேன்.

முதல்ல அந்தச் சத்தத்துக்கு வருவோம். நான் அதை வெறும் இரைச்சல்னு நினைச்சிருந்தேன். மாமு, அது ஒரு மொழி! ஒரு சின்ன அலைன்னா 0. அதைவிடச் சரியா ரெண்டு மடங்கு நீளமான அலைன்னா 1. அவ்வளவுதான் இலக்கணம். ஸ்பெக்ட்ரமுக்குள்ள இருக்கிற இஸட்80 பிராசசர் செகண்டுக்கு 35 லட்சம் தடவை துடிக்குது. டேப்பில் இருந்து வர்ற அலை, இந்தத் துடிப்புக் கணக்கில் 1,710 வரைக்கும் நீண்டா 0, 3,420 வரைக்கும் நீண்டா 1. கம்ப்யூட்டர் வேற எதையும் பார்க்கிறதில்லை. வாசலில் உட்கார்ந்து பஸ் எண்ணுற தாத்தா மாதிரி, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எண்ணிக்கிட்டே இருக்கும். முதலில் வந்த நீள விசில், ‘நான் வர்றேன், ரெடியா இரு’ என்கிற அறிவிப்பு. அந்தச் சின்ன இருமல் 17 பைட் தலைப்பு. புரோகிராமின் பேரு, நீளம், இத்யாதி எல்லாம் அதில் இருக்கு. அப்புறம் வர்ற கச்சேரிதான் சரக்கு.

ஸ்க்ரீன் ஓரத்தில் விசிலுக்குச் சிவப்பும் வெளிர்நீலமுமா கோடு ஓடும். சரக்கு வர ஆரம்பிச்சதும் அது நீலமும் மஞ்சளுமா மாறும். நடுவில் கேமோட முகப்புப் படம் ஜன்னல் கம்பி மாதிரி இடைவெளி விட்டு விட்டு நிரம்பி, கடைசியில் மொத்தமா கலர் ஏறும். 256-க்கு 192 புள்ளி. மொத்தப் படமும் 6,912 பைட். அஞ்சு நிமிஷம் காத்திருந்து, 99 சதவிகிதம் வந்ததும் ‘ஆர் டேப் லோடிங் எரர்’ என்று ஒரு வரி வரும் பாருங்க... செமஸ்டர் ரிசல்ட்டில் ஒரு மார்க்கில் போனவங்களுக்குத்தான் அந்த வலி புரியும்!

சத்தம்தானே சாஃப்ட்வேர்? அப்படின்னா ரேடியோவிலேயே அனுப்பலாமே? அனுப்பியிருக்காங்க பாஸ்! 1983-ல் அப்போதைய யூகோஸ்லாவியாவில், பெல்கிரேட் ரேடியோவின் ‘வென்டிலேட்டர் 202’ நிகழ்ச்சியில் ஜோரன் மோட்லி என்கிற அறிவிப்பாளர், பாட்டு போடுற மாதிரியே வீட்டுக் கம்ப்யூட்டர் புரோகிராம்களை ஒலிபரப்பினார். கேட்கிறவங்க கேசட்டில் பதிஞ்சு, கம்ப்யூட்டரில் போட்டு ஓட்ட வேண்டியதுதான். டவுன்லோடு என்கிற சமாசாரம் அப்போ ஆன்டெனா வழியா வந்திருக்கு!

இப்ப பிரச்னைக்கு வருவோம். கேசட்டுக்கு ஆயுசு இருக்கு. ஈரம் பட்டா பூஞ்சை பிடிக்கும், டேப்பில் தடவியிருக்கிற பொடி உதிரும், மடங்கும், ஒட்டிக்கும். பாட்டு கேசட்டில் கால் செகண்டு சத்தம் விட்டுப்போனா நம்ம காது மன்னிச்சுடும். கம்ப்யூட்டர் மன்னிக்காது. 48 கே.பி. என்பது கிட்டத்தட்ட 4 லட்சம் பிட். அதில் ஒண்ணு புரண்டாலும் கேம் அவுட்.

இதுக்கு அந்த மெஷினே ஒரு காவல் வச்சிருக்கு. வர்ற எல்லா பைட்டையும் ஒண்ணு மேல ஒண்ணா எக்ஸ்-ஆர் போட்டு, கடைசியில் ஒரு பைட்டா டேப்பிலேயே எழுதிவைக்கும். மளிகைக்கடை பில்லில் அடியில் கூட்டுத்தொகை போடுற மாதிரி. (‘எக்ஸ்-ஆர் கேட் எதுக்கு சார் படிக்கணும்?’ என்று முதல் வருஷம் கேட்டவள் நான்தான். ஸாரி சார்.) லோட் ஆகும்போது திரும்பக் கூட்டிப் பார்த்து, சரியா வரலைன்னா எரர். ஆனா ஒரு சிக்கல். தப்பு இருக்குன்னு சொல்லுமே தவிர, எங்க இருக்குன்னு சொல்லாது. ஒரே இடத்து பிட் ரெண்டு பைட்டில் புரண்டுடுச்சுன்னா, ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி ‘எல்லாம் ஓகே’ன்னு பச்சைப்பொய் சொல்லும்.

அதனால் இந்த ஆர்வலர்கள் ஒரு கேசட்டை நம்புறதில்லை. ஒரே கேம் கேசட் ரெண்டு மூணு, வேற வேற வீட்டுப் பரண்ல இருந்து வாங்கி, தனித்தனியாப் பதிஞ்சு, பிட் பிட்டா ஒப்பிடுறாங்க. சில கேம்களுக்கு அதுவும் போதலை. காப்பி அடிக்கிறவனைத் தடுக்க, அந்தக் காலத்து கம்பெனிகள் ‘ஸ்பீட்லாக்’ மாதிரி பூட்டு போட்டாங்க. அலை நீளத்தையே மாத்திடுறது, நடுவுல ஏடாகூடமா சத்தம் சொருகுறது, இப்படி. சாதாரண முறையில் பைட்டை மட்டும் எடுத்தா கேம் ஓடாது. அதனால் ‘டிஇஸட்எக்ஸ்’ என்று ஒரு ஃபைல் வகையை உருவாக்கினாங்க. அதில் பைட்டோட சேர்த்து அலையோட நேரக்கணக்கும் அப்படியே இருக்கும். பூட்டு போட்ட பல கம்பெனி காணாமப்போச்சு. பூட்டு மட்டும் பத்திரமா இருக்கு. அந்தப் பூட்டையும் சேர்த்துத்தான் காப்பாத்துறாங்க!

காணாமப்போன கேம்களுக்கு ஒரு லிஸ்ட்டே வச்சிருக்காங்க. பழைய பத்திரிகையில் விளம்பரம் இருக்கும், விலைகூட இருக்கும், கேசட் மட்டும் யார்கிட்டயும் கிடைக்காது. சிலது விளம்பரத்தோட நின்னுபோய், எழுதப்படாமலே போன கேம்களாகவும் இருக்கலாம். எது எதுன்னு ஒரு பரணைத் திறக்கிற வரைக்கும் தெரியாது. யாராவது வீடு காலி பண்ணும்போது ஒரு டப்பா கேசட் வெளிய வந்தா, லிஸ்ட்டில் ஒரு பேரு குறையும்.

சாஃப்ட்வேர் கதை இது. ஹார்டுவேர் கதை இன்னும் காமெடி.

முதல் பேட்ச் ஸ்பெக்ட்ரமைப் பிரிச்சா, போர்டில் ஒரு சிப் மல்லாக்கப் படுத்து, காலை எல்லாம் மேல தூக்கிக்கிட்டு இருக்கும். டிசைனில் வந்த ஒரு தப்பை மறைக்க, கடைசி நேரத்தில் ஒயர் வச்சு ஒட்டவச்ச சிப் அது. அதுக்கு அங்க வச்ச செல்லப்பேரு ‘செத்த கரப்பான்பூச்சி’! ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு முந்தின ராத்திரி நாம பண்ற அதே வேலை. உலகம் முழுக்க இன்ஜினீயர்கள் ஒரே ஜாதிதான் போல.

இன்னொண்ணு. 48 கே.பி. மாடலில் கூடுதலா இருக்கிற 32 கே.பி. மெமரி எங்க இருந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க? பாதி கெட்டுப்போன சிப்பில் இருந்து! 64 கிலோபிட் சிப் தயாரிக்கும்போது ஒரு பாதி மட்டும் வேலை செய்யுற சிப்புகள் கழிஞ்சு விழும். அதைச் சல்லிசா வாங்கி, ‘எந்தப் பாதி நல்ல பாதி’ன்னு போர்டில் ஒரு ஒயரால சொல்லி ஓட்டினாங்க. அடிபட்ட தக்காளியை வெட்டி நல்ல பாதியைக் குழம்பில் போடுற அம்மா டெக்னிக்.

இந்தச் சிக்கனம் எல்லாம் இப்ப ரிப்பேர் பண்றவங்க தலையில் விடியுது. முதல் 16 கே.பி-க்குப் போட்ட ‘4116’ மெமரி சிப்புக்கு மூணு விதமான வோல்ட்டேஜ் வேணும். +5, +12, அப்புறம் -5. ஒரு சின்ன டிரான்சிஸ்டர் போய், அந்த -5 மட்டும் நின்னுபோனா, மெமரி சிப்புகள் வரிசையா மண்டையைப் போடும். அதனால் பரண்ல இருந்து எடுத்த ஸ்பெக்ட்ரமை அப்படியே சுவிட்ச் போடக் கூடாது, முதல்ல மல்டிமீட்டர் பிடி என்பதுதான் இங்க பாலபாடம். அப்புறம் கெப்பாசிட்டர் மாத்தணும். கீபோர்டுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதைப் புதுசா அச்சடிச்சு விக்கிறவங்க இருக்காங்க. டி.வி-யும் மாறிடுச்சு இல்லையா, ஆன்டெனா ஒயருக்குப் போற சிக்னலை வழியிலேயே மடக்கி நேரடி வீடியோவா எடுக்கணும்.

‘ஒரிஜினல் பார்ட்டைக் கழற்றலாமா, கூடாதா?’ என்று இவங்களுக்குள்ள ஒரு பட்டிமன்றமே உண்டு. கழற்றக் கூடாது, அப்படியே வைக்கணும் என்கிறது ஒரு கோஷ்டி. ஓடாத மெஷின் பேப்பர் வெயிட் என்கிறது இன்னொண்ணு. நான் ரெண்டாவது கோஷ்டி. ஆனா கழற்றின பார்ட்டைத் தூக்கிப் போடாம ஒரு கவரில் போட்டு, மெஷினோடயே வைக்கணும்.

எல்லாத்தையும் மாத்தலாம். ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்த முடியாத நிலைமை இருந்தது. ‘யு.எல்.ஏ.’ என்கிற சிப். ஃபெரான்டி கம்பெனியில் ஸ்பெக்ட்ரமுக்குன்னே செஞ்சது. ஸ்க்ரீன் வரையுறது, டேப் கேட்கிறது, கீபோர்டு பார்க்கிறது, பீப் அடிக்கிறது எல்லாம் அந்த ஒத்தை ஆள். அது போனா கடையில் கிடைக்காது. உள்ள என்ன இருக்குங்கிற முழு விவரமும் வெளிய யார்கிட்டயும் இல்லை.

இங்கதான் எனக்குப் புல்லரிச்சது. கிறிஸ் ஸ்மித் என்கிற ஒருத்தர், அந்தச் சிப்போட மேல்மூடியைப் பிரிச்சு எடுத்த மைக்ராஸ்கோப் படங்களை வச்சுக்கிட்டு, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டரா தடம் பிடிச்சு, மொத்த சர்க்யூட்டையும் திரும்ப வரைஞ்சார். 2010-ல் அதைப் புத்தகமாவே போட்டார். அதோட நிக்கலை. யு.எல்.ஏ. இல்லாம, கடையில் கிடைக்கிற சாதாரண லாஜிக் சிப்புகளை வச்சே ஸ்பெக்ட்ரம் கட்டுற ‘ஹார்லிக்வின்’ போர்டும் அவர்கிட்ட இருந்துதான் கிளம்புச்சு. அதை மத்தவங்க எடுத்துச் சின்னதாக்கி, வீட்டில் பத்தவச்சுக்கிற கிட் ஆக்கிட்டாங்க. செஞ்ச கம்பெனி மறந்ததை, வாங்கினவங்க கண்டுபிடிச்சாங்க!

இதே வேலையை வேற காரணத்துக்காக சோவியத் யூனியனில் ஏற்கெனவே பண்ணியிருக்காங்க. அங்க ஸ்பெக்ட்ரம் கடையில் கிடைக்காது, யு.எல்.ஏ-வும் கிடைக்காது. அதனால் கிடைச்ச லாஜிக் சிப்பை எல்லாம் போட்டு ‘லெனின்கிராட்’, ‘பென்டகன்’ என்று சொந்தமாவே செஞ்சுக்கிட்டாங்க. நம்ம ஊர் விஷயமும் ஒண்ணு இருக்கு. 1980-களின் பின்பாதியில் டெசிபெல்ஸ் என்கிற இந்தியக் கம்பெனி முறைப்படி லைசென்ஸ் வாங்கி, ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்ற பேரில் இங்கயே விற்றது. யாராவது வீட்டுப் பரண்ல இருந்தா... தயவுபண்ணி சுவிட்ச் மட்டும் போட்டுடாதீங்க!

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்பீங்க. கேம் எல்லாத்துக்கும் இன்னும் காப்பிரைட் உயிரோட இருக்கு. உரிமையாளர் யாருன்னே தெரியாத கேம்தான் ஏராளம். மெஷினோட உயிர்நாடியான ரோம் சாஃப்ட்வேர் ஆம்ஸ்ட்ராட் வசம் இருந்தது. 1999-ல் அவங்க, ‘எமுலேட்டரோட சேர்த்துக் கொடுத்துக்கோங்க, உரிமை எங்களுதுன்னு மட்டும் இருக்கட்டும்’ என்று பெருந்தன்மையா சொல்லிட்டாங்க. கேம் எழுதினவங்களிலும் நிறைய பேர் சரின்னாங்க. சிலர் கூடாதுன்னாங்க. கூடாதுன்னவங்க கேமை பொதுவில் கொடுக்காம வைக்கிறதும் நடக்குது. ஆனா அனுமதி வர்ற வரைக்கும் கேசட்டைத் தொடாம இருந்திருந்தா, வரும்போது கேசட் இருந்திருக்காது. காப்பாத்துறது வேற, கொடுக்கிறது வேற. நான் அவ்வளவுதான் சொல்லுவேன். மீதியை நம்ம லா காலேஜ் மக்கள் சண்டை போட்டுக்கோங்க.

இப்ப என் கதை. எங்க மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட் உண்டு. ஹெக்ஸ் கோடைக் கையால தட்டணும், ஒரு டிஜிட் தப்பினா மொத்தமும் காலி. அதை மாதிரி நான் வெறுத்தது மெஸ் உப்புமாவைத்தான். ஒருநாள் ஸ்பெக்ட்ரம் எமுலேட்டரில் மெஷின் கோடு பார்த்தப்போ ‘3ஈ’ன்னு ஆரம்பிச்சது. அட, இது நம்ம ‘எம்விஐ ஏ’ ஆச்சே! விஷயம் என்னன்னா, இன்டெல்லில் 8080 செஞ்ச ஃபெடரிகோ ஃபாகின்தான் வெளிய வந்து ஸைலாக் ஆரம்பிச்சு இஸட்80-ஐக் கொண்டுவந்தார். 8080-க்கு எழுதின கோடு இதிலும் ஓடணும்னு திட்டம் போட்டே செஞ்சாங்க. நம்ம 8085-ம் அதே 8080 வாரிசு. அதாவது ரெண்டும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி! லேபில் பழகின அதே அஞ்சு பைட்டைத் தட்டினேன். 3ஈ, 02, டி3, எஃப்ஈ, சி9. ஸ்க்ரீன் ஓரம் சட்டுனு சிவப்பா மாறுச்சு. ரெண்டு வருஷமா கிட்டில் தட்டினது எல்லாம் எங்கேயோ நிஜமாவே வேலை செய்யுதுன்னு அன்னைக்குத்தான் நம்பினேன்.

(அந்த இஸட்80-ஐ 1976-ல் இருந்து விற்ற ஸைலாக், பழைய தனி சிப் வரிசையை 2024-ல் நிறுத்திடுச்சு. கடைசி ஆர்டர் கொடுக்க ஜூன் வரைக்கும் டைம் கொடுத்தாங்க. ஸ்டாக் வாங்கி டப்பாவில் போட்டு வச்சவங்க எத்தனை பேரோ!)

அடுத்து ஆசை யாரை விட்டது? ஸ்டடி லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ, நிஜ கேசட்டிலேயே பண்ணிப் பார்க்கணும்னு இறங்கினேன். ஸ்பெக்ட்ரமில் நாமளே எழுத்து வரைஞ்சுக்க 21 இடம் இருக்கு. எட்டுக்கு எட்டு கட்டம். நம்ம 247-க்கு 21 எந்த மூலைக்குன்னு கேட்காதீங்க, ஒரே ஒரு ‘அ’ வரைஞ்சேன். எட்டுக் கட்டத்துக்குள்ள அந்தச் சுழியைக் கொண்டுவர முக்கால் மணி நேரம்! அதை ஸ்க்ரீன் முழுக்க அடிக்கிற ரெண்டு வரி புரோகிராம். அதைச் சத்தமா மாத்தி கேசட்டில் பதியணும், திரும்ப அந்தக் கேசட்டில் இருந்து எமுலேட்டருக்குக் கொடுக்கணும். இதுதான் பிளான்.

அம்மாவோட டூ-இன்-ஒன் அலமாரி மேல இருந்தது. உள்ள ரப்பர் பெல்ட் உருகி அல்வா ஆகியிருந்தது. ரிட்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிட்டு வந்த பெல்ட்டை மாட்டினேன். டிரங்குப் பெட்டியில் பேரு எழுதாத கேசட் ஒண்ணு கிடைச்சது. எழுத முடியாதபடி மேல் காதை உடைச்சு வச்சிருந்தாங்க. அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டி, உள்ள போட்டு, ரெக்கார்டு பட்டனில் கை வைக்கப் போறேன்... சமையல் ரூமில் இருந்து அம்மா ஓடியே வந்துட்டாங்க.

‘‘அதுல எழுதாதடீ! அது தாத்தா பேசினது!’’

மாமா மஸ்கட்டில் வேலை பார்த்தப்போ, லெட்டருக்குப் பதிலா தாத்தா கேசட்டில் பேசி அனுப்புவாராம். மாமா ஊருக்குத் திரும்பி வந்தப்போ அதில் ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்திருக்கு. போடப் பயந்துக்கிட்டு வருஷக்கணக்கா அம்மா போட்டதே இல்லை. தாத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டார்.

அம்மா வேற கேசட் கொடுத்தாங்க. ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிஞ்ச பாட்டு, பி சைடு பாதி காலி. அதில் என் ‘அ’வைப் பதிஞ்சேன். திரும்பப் போட்டா, ஆர் டேப் லோடிங் எரர். சத்தத்தைக் கூட்டினேன், எரர். குறைச்சேன், எரர். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைச்சேன். பட்ஸ் மண் கலரா வந்தது, ஆனா மறுபடி எரர். அப்புறம்தான் அந்த ஆர்வலர்கள் திரும்பத் திரும்பச் சொல்ற சமாசாரம் ஞாபகம் வந்தது. ஹெட் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். ஹெட் டேப்புக்கு நேரா நிக்கணும், துளி சாய்ஞ்சாலும் கீச்சுச் சத்தம் எல்லாம் மழுங்கிடும். பாட்டு கேட்கிறப்போ தெரியாது, 0-வும் 1-ம் மட்டும் குழம்பிப்போகும். சின்ன ஸ்க்ரூடிரைவரால முடியளவு திருப்பித் திருப்பி, சத்தம் எங்க கூர்மையா வருதுன்னு கேட்டுக்கிட்டே புதுசாப் பதிஞ்சேன். பதினாலாவது தடவை ஸ்க்ரீன் முழுக்க அ அ அ அ அ! ‘‘ஒரு ‘அ’னாவுக்கா மூணு நாள்?’’ன்னு அப்பா கேட்டார். கேட்கத்தான் செய்வார்.

அம்மா ஒண்ணும் சொல்லலை. சாயந்திரம் அந்தப் பேரு எழுதாத கேசட்டை எடுத்துட்டு வந்து பக்கத்தில் வச்சாங்க. ‘‘இதையும் பாரேன்.’’

கை நடுங்குச்சு மக்களே, நிஜமா. அ போனா இன்னொரு அ எழுதிக்கலாம். முதல்ல வேற கேசட்டைப் போட்டு மெஷின் டேப்பைக் கடிக்காம ஓடுதான்னு பார்த்தேன். தாத்தா கேசட்டை முழுசா ஒரு தடவை முன்னாடி ஓட்டி, பின்னாடி ஓட்டி, இறுக்கத்தைத் தளர்த்தினேன். திரும்ப அந்த ஸ்க்ரூ. வேற ஏதோ மெஷினில் வேற ஏதோ சாய்வில் பதிஞ்சது, அதுக்கு ஏத்த மாதிரி திருப்பணும். யு.எஸ்.பி. சவுண்டு கார்டை மாட்டி, ஒரே ஓட்டத்தில் முழுசாப் பதியணும்னு முடிவு. சுத்தம் பண்றது, இரைச்சல் குறைக்கிறது எல்லாம் அப்புறம். முதல்ல இருக்கிறது இருக்கிறபடியே வெளிய வரணும்.

இரைச்சல். இருமல். அப்புறம் ஒரு குரல். மழை சரியா இல்லை, தெற்குத் தோட்டத்துக் கிணறு வத்திப்போச்சு, செவலை மாடு கன்னு போட்டிருக்கு, நீ சாப்பாட்டைப் பார்த்துக்கோன்னு ஒவ்வொண்ணா. அம்மா தரையில் உட்கார்ந்துட்டாங்க. பதினோராவது நிமிஷத்தில் டேப் மடங்கின இடம். ‘‘இங்க எல்லாரும் சௌக்கியம்...’’ அதுக்கப்புறம் ரெண்டு செகண்டு ஒண்ணுமே இல்லை. பிறகு, ‘‘...பாஸாயிட்டா’’ என்று குரல் திரும்ப வருது.

நான் அந்த இடத்தை நாலு தடவை போட்டேன். அலையைப் பெருசாக்கிப் பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை. இன்னொரு காப்பி எங்கேயும் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க.

‘‘அங்க என் பேரு வரும்டி’’ என்றாங்க அம்மா. ‘‘நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணின வருஷம் அது. பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்.’’

ஃபைலோட பக்கத்தில் ஒரு நோட் ஃபைல் போட்டு, பதினோராவது நிமிஷம்னு குறிச்சு, அம்மா பேரை டைப் பண்ணி வச்சிருக்கேன். பி சைடு இன்னும் போடலை. செமஸ்டர் முடியட்டும்னு அம்மாதான் சொல்லியிருக்காங்க.